உவர்மலை வீட்டுச் சனம் – குடும்பக் குழு

ராணி 6.31: எல்லாருக்கும் காலை வணக்கம். இங்க கனடாவில இரவு 8 மணி. வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபர்னஸ் பத்துது, உடன நூந்து போகுது. வெளியில -17. வீட்டுக்குள்ள 14க்கு வந்திட்டுது

வசந்தி 6.33: ஐயோ அக்கா. சனிக்கிழமை இங்க வாற பிளைட் எல்லோ

தேவி 6.33: தனியவோ நிக்கிறீங்கள்

ராணி 6.34: கிஷோ நிக்கிறான். குகன் எழும்பீட்டானோ

பவன் 6.35: சித்தப்பா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போட்டார். மாமி, கன்னியாவில இருந்து ரெண்டு வாளி சுடுதண்ணி அனுப்பவோ

வசந்தி 6.35: பகிடி விடுற நேரமாடா

குகன் 6.42: வந்திட்டன். அக்கா, பத்துது நூருது எண்டாக் காணாது. எந்தக் கட்டத்தில நூருது எண்டதை வச்சுத்தான் பிழையைப் பிடிக்கலாம். கிஷோவைப் பேஸ்மென்டுக்கு அனுப்புங்கோ. ஃபர்னஸ் மூடியில சின்னக் கண்ணாடி இருக்கும், அதுக்குள்ளால பாக்கட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கூட்டினா முதல்ல புகையை வெளிய தள்ளுற சின்ன விசிறி சுத்தும். பிறகு புகை வெளிய போகுதோ எண்டு பாக்கிற பிரெஷர் சுவிட்ச் டிக் எண்டும். பிறகு நெருப்பைப் பத்த வைக்கிற இக்னைட்டர் செக்கச் சிவக்கும். பிறகு காஸ் வால்வ் திறந்து நெருப்பு வரிசையாப் பத்தும். அரை நிமிசம் போலக் கழிச்சுத்தான் சூட்டை வீட்டுக்குள்ள தள்ளுற பெரிய விசிறி. இதில எது மட்டும் வருது?

தேவி 6.43: கிடாரம் ஆற்ற வீட்ட எடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல

வசந்தி 6.44: மச்சாள் பிறகு

ராணி 6.45: குசினி காஸ் ஓவனைக் கொழுத்திக் கதவைத் திறந்து விட்டிருக்கிறன். குசினி கொஞ்சம் சூடாத்தான் கிடக்கு

குகன் 6.45: அக்கா உடன நூருங்கோ!!

குகன் 6.47: காஸ் அடுப்பால வீட்டைச் சூடாக்கவே கூடாது. காஸ் எரியேக்க வாற காபன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காத்துக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல. தலையிடி, சத்தி, பிறகு மயக்கம். நித்திரையில எண்டா ஆளுக்குத் தெரியவே வராது. படுக்கிற அறைக்கு வெளியில அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் இருக்கும், அதின்ர டெஸ்ட் பட்டனை இப்பவே அமத்திப் பாருங்கோ. கரண்ட் ஹீட்டர் இருந்தா ஒரு அறைக்குள்ள வையுங்கோ. திரைச்சீலை, மெத்தையில இருந்து 1 மீற்றர் தள்ளி, நேரா சுவர் பிளக்கில. எக்ஸ்டென்சன் வயர் வேண்டாம்

ராணி 6.49: நூத்திட்டன். பட்டனை அமத்தினா அலாரம் கத்துது, வேலை செய்யுது

வசந்தி 6.49: 🙏

கிஷோ 6.53: மாமா பாத்தன். சின்ன விசிறி, டிக், சிவப்பு, நெருப்பு எல்லாம் வருது. 4, 5 செக்கன்ல டப் எண்டு நூருது. 3 தரம் செய்திட்டு நிண்டிட்டுது. உள்ள சின்ன லைட் ஒண்டு மின்னுது

குகன் 6.54: நல்லாப் பாத்திருக்கிறாய். எத்தினை தரம் மின்னுது எண்டு எண்ணி, மூடியின்ர உள்பக்கம் ஒட்டியிருக்கிற அட்டவணையில பார். கொம்பனிக்குக் கொம்பனி கணக்கு வேற. காஸ் மணக்குதோ?

கிஷோ 6.56: மணம் இல்ல. நெருப்புத் தெரியேல்ல எண்ட மாதிரிப் போட்டிருக்கு

குகன் 6.59: அப்ப முதல் சந்தேகம் ஃபிளேம் சென்சர். நெருப்புக்குள்ள நிக்கிற மெல்லிய கம்பி அது. நெருப்புக்குள்ளால மின்சாரம் ஓடும், ஆனா கொஞ்சூண்டு, மைக்ரோ அம்பியர் கணக்கில. பலதில 2 தொடக்கம் 6 வரை இருந்தாச் சரி, 1க்குக் கீழ போனா ஃபர்னஸை நடத்துற போர்ட்டுக்கு நெருப்புத் தெரியாது. கம்பியில வெள்ளையாப் படை பிடிச்சா மின்சாரம் கடக்காது. நெருப்பு எரிஞ்சு கொண்டுதான் இருக்கும், போர்ட் இல்லை எண்டு நினைச்சுக் காஸைப் பூட்டீடும். அது பாதுகாப்புக்கு. அதை மறிச்சு ஓட வைக்க ஒருநாளும் பாக்கக் கூடாது

பவன் 7.00: வான்காரன் கேக்கிறான் கட்டுநாயக்காவுக்கு எத்தினை மணிக்கு எண்டு. இரவில ஹபரணைப் பக்கம் யானை, விடியத்தான் வெளிக்கிடுவானாம்

தேவி 7.01: விடியவே வரட்டும். ராணி மச்சாள், 2 பெட்டிதானே

குகன் 7.04: கிஷோ, இப்ப செய். தெர்மோஸ்டாட் ஓஃப். பேஸ்மென்ட் படியடியில சிவப்புத் தட்டு உள்ள சுவிட்ச் இருந்தா அதையும், பிரேக்கரையும் ஓஃப். காஸ் குழாய்க் கைபிடியைக் குழாய்க்குக் குறுக்கத் திருப்பு. மூடியைக் கழட்டு. நெருப்பு எரியிற பேர்னர் வரிசையில இக்னைட்டருக்கு மற்றப் பக்கத்தில வெள்ளைப் பீங்கான் அடியும் ஒரே ஒரு வயரும் உள்ள கம்பி தெரியும். அதைப் பிடிச்சிருக்கிறது ஒரு ஸ்குரூ, அநேகமா கால் இஞ்சி. இக்னைட்டரைத் தொடாத, கைபட்டாலே கீறல் விழக்கூடியது. கம்பியைப் பச்சை ஸ்கொட்ச்பிரைட்டால மெதுவா மினுங்கும் வரை தேய். சான்ட்பேப்பர் வேண்டாம். காய்ஞ்ச துணியால துடை. வளைக்காத. பீங்கானில கீறல் இருந்தா தேய்ச்சும் பிரயோசனம் இல்ல, மாத்த வேணும்

கிஷோ 7.05: ஓகே

வசந்தி 7.08: பாவம் பிள்ளை, விரல் விறைச்சிருக்கும்

தேவி 7.12: கதிர் அங்க ராணி மச்சாளுக்கு ரெண்டு தெருத் தள்ளித்தானே. கூப்பிடலாமே

பவன் 7.12: அம்மா

தேவி 7.13: என்ன? கிணத்தடி மதிலுக்குக் கதிர் சண்டை பிடிச்சது உங்கட அப்பாவோடதானே, ராணி மச்சாளோட இல்லையே

ராணி 7.14: இப்ப ஏன் அந்தக் கதை

கிஷோ 7.27: மாமா பூட்டியாச்சு. கம்பி சாம்பல் நிறமாக் கிடந்தது, கீறல் இல்ல. காஸ், பிரேக்கர் போட்டன். பத்திட்டுது! பெரிய விசிறியும் வந்திட்டுது

வசந்தி 7.27: அம்மாளாச்சி

குகன் 7.29: பொறு. பெரிய விசிறி தொடங்கேக்க நெருப்பு ஆடுதோ, வெளிய நாக்கு நீட்டுதோ? அப்பிடியெண்டா உள்ள காத்தைச் சூடாக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில கீறல் விழுந்திருக்கலாம், உடன ஓஃப். நீலமா நேரா நிக்குதோ?

கிஷோ 7.31: நீலம். ஆடேல்ல

குகன் 7.34: நல்லம். இனி காத்து வாற ஃபில்டரைக் கழட்டிப் பார். அடைச்சிருந்தா உள்ள சூடு கூடி லிமிட் சுவிட்ச் நெருப்பை நிப்பாட்டும், அது 5, 10 நிமிசம் எரிஞ்ச பிறகு நூருற கூத்து. புதுசு போடேக்க அம்புக்குறி ஃபர்னஸைப் பாக்க வேணும். பக்கச் சுவரால வெளிய வாற ரெண்டு வெள்ளைக் குழாயும் பனி மூடாமக் கிடக்கோ எண்டும் பார்

கிஷோ 7.41: ஃபில்டர் தும்பு படிஞ்சு பழைய துணி மாதிரி. நாளைக்கு வாங்கிறன். ஒரு குழாயில பாதி பனி, கிண்டி விட்டன். இப்ப வீட்டுக்குள்ள 15

ராணி 7.42: கடவுளே. நன்றி தம்பி

குகன் 7.46: அக்கா, இதோட முடிஞ்சுது எண்டு விடாதேங்கோ. ரெண்டு நாளில திரும்ப நூந்தா சென்சர் மட்டும் இல்ல. பேர்னரின்ர ஏர்த் சரியாப் பிடிக்காமல் இருக்கலாம், வயர், காஸ் பிரெஷர், போர்ட், எதுவும் இருக்கலாம். அதை மீட்டர் வச்சுத்தான் சொல்லலாம். அப்பிடியான காஸ் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுறதுதான் சரி. சனிக்கு முதல் ஒருத்தரைக் கூப்பிட்டு மைக்ரோ அம்பியர் அளக்கச் சொல்லுங்கோ. வெறும் வீட்டில ஃபர்னஸ் நிண்டா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். போகேக்க தெர்மோஸ்டாட் 16ல, ஓஃப் இல்ல. மெயின் தண்ணியைப் பூட்டி, பைப்புகளைத் திறந்து வடிய விடுங்கோ

ராணி 7.48: இந்தக் கிழமை ஆள் கிடைக்குமோ தெரியேல்ல. வந்து பாக்கவே காசு வேற

வசந்தி 7.48: நாங்கள் எல்லாரும் போட்டுத் தாறம் அக்கா

பவன் 7.49: வீட்டை இடைக்கிடை ஆர் போய்ப் பாக்கிறது

தேவி 7.50: நான் சொன்னா சண்டை எண்டுவியள்

ராணி 7.52: கதிரிட்டத் திறப்பைக் குடுக்கலாம்தான். அண்ணையிட்ட ஒருக்காக் கேளுங்கோ

பவன் 7.58: அப்பா குளிக்கிறார். வான்காரனுக்கு விடிய 5 எண்டு சொல்லவோ, 6 எண்டு சொல்லவோ