லேப்டாப்பில் பால் காபி கொட்டிவிட்டது. காய்ந்த பிறகு தானாக எழுத்து விழுகிறது, என்ன செய்யலாம்?

நீலத்திரை

வணக்கம். நேற்று இரவு மேசையில் இருந்த காபிக் குவளை சாய்ந்து, கீபோர்டின் வலது பக்கம் கொட்டிவிட்டது. பாலும் சர்க்கரையும் போட்ட காபி. பாதி மேசையிலும் தரையிலும் போனது, மீதி உள்ளே போயிருக்கும். உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, திரையை விரித்தபடி கவிழ்த்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல், வெளியிலிருந்து கழற்ற முடியாது.

காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. ஆன் செய்ததும் ஒழுங்காகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் 'கே' எழுத்து கை வைக்காமலே வரிசையாக விழ ஆரம்பித்தது. எண்டர் கீ அமுங்கினால் மெதுவாக எழுந்து வருகிறது. பேக்ஸ்பேஸ் வேலை செய்யவே இல்லை. திரை, டச்பேட், சத்தம் எல்லாம் சரி. இப்போது மறுபடி அணைத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் நன்றாகக் காயவிட்டால் சரியாகுமா? உள்ளே முடிக்காத வேலை நிறைய இருக்கிறது, கடைசியாக எடுத்த பேக்கப் ரொம்பப் பழையது. அதுதான் பயம்.

கடைசிபெஞ்ச்

அரிசி மூட்டைக்குள் புதைத்து இரண்டு நாள் விடுங்கள். என் போனுக்கு அப்படித்தான் உயிர் வந்தது.

சாலிடர்வாசம்

அரிசி வேண்டாம். திறந்த இடத்தில் காற்றோட்டமாக வைத்தாலே அதைவிட வேகமாகக் காயும். அரிசியின் மாவுத்தூள் வேறு யூஎஸ்பி போர்ட்டுக்குள்ளும் ஃபேனுக்குள்ளும் போய் உட்காரும். ஈரமான ஐபோனை அரிசிப் பைக்குள் போடாதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. போன் பிழைத்தது அரிசியால் அல்ல, அதை இரண்டு நாள் யாரும் ஆன் செய்யாமல் விட்டதால்.

நீலத்திரை, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் ரிப்பேர் என் தொழில். ஈரம் போய்விட்டதா என்று பார்க்கிறீர்கள். ஈரம் போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்பதுதான் கேள்வி. வெறும் தண்ணீர் கொட்டி, மின்சாரம் உடனே நின்று, காய்ந்தும் விட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பால் காபியில் தண்ணீர் ஆவியான பிறகு சர்க்கரை, பால் புரதம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் உள்ளே இருக்கும் போர்டிலேயே, அதாவது மின்சுற்றுப் பலகையிலேயே, படிந்து நிற்கும். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தில் உப்புகள் கரைந்தால் மின்சாரம் பாயும். அதனால்தான் காய்ந்த பிறகும் 'கே' தானாக விழுகிறது.

லேப்டாப் கீபோர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கும், அவற்றில் வெள்ளி கலந்த மையால் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். இரண்டு தாளுக்கு நடுவே காபி புகுந்துவிட்டால் ஃபேன் காற்று அங்கே எட்டாது. மேலே தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பவர் பட்டன் அமுங்குகிறதா, சார்ஜர் சொருகுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சிறு சிப்புகள் அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். மின்னழுத்தமும் அழுக்கு ஈரமும் ஒரே இடத்தில் இருந்தால் செம்பு அரிக்கும். கொட்டிய அன்று ஓடிய லேப்டாப் சில வாரம் கழித்துச் சாவது இப்படித்தான். அதனால் இன்றே அடிமூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை ஆன் செய்ய வேண்டாம், சார்ஜர் சொருக வேண்டாம். சில மாடல்களில் திரையை விரித்தாலே தானாக ஆன் ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காகிதம்

ஹேர் டிரையர் வைத்து உள்ளே சூடாக ஊதினால்?

சாலிடர்வாசம்

சூட்டில் கீகேப் வளையும், பசைகள் இளகும், பேட்டரிக்கும் ஆகாது. காற்றின் வேகம் இன்னும் எட்டாத மூலைக்குத் திரவத்தைத் தள்ளிவிடும். சூடில்லாத காற்று என்றால் பரவாயில்லை.

நீலத்திரை

அடிமூடியைத் திறந்துவிட்டேன். பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பிப் பிரித்தாயிற்று. பேட்டரி உப்பவில்லை, வாடையும் இல்லை. கீபோர்டிலிருந்து வரும் பட்டை கேபிள் போர்டில் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு, பக்கத்தில் இருக்கும் சின்னப் பாகம் ஒன்றின் ஓரத்தில் கடுகளவு பச்சை. ஃபேன் பக்கம் சுத்தமாக இருக்கிறது. அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவப்பாகிவிட்டது. இதை நானே சுத்தம் செய்யலாமா?

வெண்கலமணி

அந்த ஸ்டிக்கர் ஈரம் பட்டால் நிறம் மாறுவதற்கென்றே ஒட்டியது. சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் பெரும்பாலும் வராது. ஆனால் தற்செயல் சேதத்துக்கென்று தனியாக ஏதாவது வாங்கியிருந்தால் மேற்கொண்டு கை வைக்கும் முன் அந்தக் காகிதத்தைப் படியுங்கள். மறைக்கப் பார்க்காமல் காபி கொட்டியது என்றே சொல்லிவிடுங்கள். திறந்த உடனே தெரிந்துவிடும்.

சாலிடர்வாசம்

பச்சை என்றால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. கடுகளவு என்பதால் கவலைப்படும் நிலை இல்லை. வாரண்டி இல்லையென்றால் நீங்களே செய்யலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது.

எல்லோரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய் என்பார்கள். ஆல்கஹாலில் சர்க்கரை அநேகமாகக் கரையாது. தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. முதலில் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். மென்மையான டூத்பிரஷ்ஷை அதில் நனைத்து, உதறி, பழுப்பும் பச்சையும் இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். நூல் பிரியாத துணியால் ஒற்றி எடுங்கள். கறை கரைந்த பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் அதே இடத்தைக் கழுவுங்கள். மிச்சத் தண்ணீரையும் காபிக் கொழுப்பையும் அது எடுத்துக்கொண்டு போகும், தானும் சீக்கிரம் ஆவியாகிவிடும். 70 சதவீதம் என்று விற்பதில் மீதி தண்ணீர், இதற்கு ஆகாது. தீப்பிடிக்கும் பொருள், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

பட்டை கேபிளைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். கனெக்டரில் நகக்கண் அளவுக்குக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதை நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானாக நழுவி வரும். கேபிள் முனையில் இருக்கும் கோடுகளையும் கனெக்டரின் உட்புறத்தையும் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி, ஸ்பீக்கர், ஃபேன், திரை இவற்றின் பக்கம் திரவம் போகவே கூடாது. திரைக்குள் ஆல்கஹால் புகுந்தால் உள்ளே இருக்கும் பேக்லைட் தாள்களில் கறை நின்றுவிடும், பிறகு திரையையே மாற்ற வேண்டியதுதான்.

ஸ்க்ரூக்களை வந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கி, போர்டையே துளைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

மழைக்காகிதம்

பச்சை சிப்புக்கு அடியில் போயிருந்தால் பிரஷ் எட்டாதே?

சாலிடர்வாசம்

எட்டாது. அப்போது போர்டை முழுசாகக் கழற்றி, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டும், சில நேரம் சிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. இவர் சொல்வதைப் பார்த்தால் கனெக்டரோடு நின்றுவிட்டது போலத்தான் இருக்கிறது.

வெண்கலமணி

போர்டைத் தொடும் முன் எஸ்எஸ்டியை, அதாவது உங்கள் கோப்புகள் இருக்கும் சேமிப்புப் பாகத்தை, கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். எம்.2 எனும் மெல்லிய பட்டை வகையாக இருந்தால் ஒரே ஒரு ஸ்க்ரூ. யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் போட்டு இன்னொரு கணினியில் சொருகினால் உங்கள் வேலை கையில். உறை வாங்கும்போது உங்களுடையது என்விஎம்இயா, சாட்டாவா என்று (இணைப்பு முறை இரண்டு வகை) பார்த்து வாங்குங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போகலாம்.

கடைசிபெஞ்ச்

என்னுடையது மேக்புக், இதே மாதிரி கழற்றலாமா? இனி அதன் பக்கத்தில் குவளையே வைக்கப் போவதில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

வெண்கலமணி

புதிய மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டோடு சாலிடர் செய்தது. தரவும் அந்தப் போர்டில் உள்ள சிப்போடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். போர்டுக்கு உயிர் வந்தால்தான் தரவு. உங்களுக்கு ஒரே வழி, பேக்கப்பை இன்றே எடுத்துவிடுவது.

நீலத்திரை

எஸ்எஸ்டியை உறையில் போட்டு அக்காவின் கணினியில் சொருகினேன். பிட்லாக்கர் என்று சொல்லி 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. நான் அப்படி எதையும் பூட்டியதாக நினைவே இல்லை.

வெண்கலமணி

நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது பல லேப்டாப்களில் கேட்காமலே குறியாக்கம் இயங்கிவிடும். போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் மீட்பு எண்ணைத் தேடுங்கள். திரையில் காட்டும் அடையாள எண்ணோடு ஒத்துப்போகிற எண்ணை எடுக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அலுவலக லேப்டாப் என்றால் அங்கே கணினியைக் கவனிப்பவரிடம் இருக்கும்.

நீலத்திரை

கிடைத்துவிட்டது! எல்லாவற்றையும் நகலெடுத்தாயிற்று. பாதி உயிர் வந்தது.

சொன்ன வரிசையிலேயே சுத்தம் செய்தேன். பழுப்பு முழுக்கப் போய்விட்டது. பச்சை இருந்த இடத்தில் உலோகம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, ஆனால் முனை ஒடியவில்லை. ஒருநாள் முழுக்க அப்படியே திறந்து வைத்துவிட்டு, கீபோர்டு கேபிளை மாட்டாமல், யூஎஸ்பி கீபோர்டு போட்டு ஆன் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை. போர்டு போய்விட்டதா?

சாலிடர்வாசம்

பதறாதீர்கள். உங்கள் பவர் பட்டன் தனியாக இருக்கிறதா, இல்லை கீபோர்டின் வலது மேல் மூலையில் ஒரு கீயாக இருக்கிறதா?

நீலத்திரை

கீபோர்டிலேயே, டெலீட் கீக்குப் பக்கத்தில்.

சாலிடர்வாசம்

அப்படியென்றால் கேபிளைக் கழற்றியபோது பவர் பட்டனையும் சேர்த்துத்தான் கழற்றியிருக்கிறீர்கள், போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை மறுபடி பிரித்துவிட்டுக் கீபோர்டு கேபிளை மாட்டுங்கள், தாழ்ப்பாளை அழுத்துங்கள், அப்புறம் பேட்டரி. 'கே' விழுந்தால் விழட்டும். உள்ளே போனதும் முதல் வேலையாக பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சார்ஜர் சொருகினால் தானே ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்கிவிட்டு, கீபோர்டு கேபிளை மறுபடி கழற்றிவிடலாம், புதியது வரும்வரை யூஎஸ்பி கீபோர்டே போதும்.

நீலத்திரை

வந்துவிட்டது, பயாஸில் அந்த வசதியும் இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது, சூடாகவில்லை, யூஎஸ்பி போர்ட் எல்லாம் சரி. பழைய கீபோர்டையே கழுவிக் காப்பாற்ற முடியாதா?

சாலிடர்வாசம்

தாள்களுக்கு நடுவே போனதை வெளியிலிருந்து கழுவி எடுக்க முடியாது. கீகேப்பைக் கழற்றித் துடைத்தால் எண்டர் ஒட்டுவது நிற்கலாம், பேக்ஸ்பேஸ் திரும்ப வராது. புதிதாக மாற்றுவதுதான் சரி.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். சில மாடல்களில் கீபோர்டு ஸ்க்ரூவில் நிற்கும், பலவற்றில் மேல்மூடியோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். இரண்டாவது வகை என்றால் முளைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருப்பதைவிட மேல்மூடியோடு சேர்ந்து வருவதை வாங்கிவிடுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், பழைய கீபோர்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பாக எண்ணைச் சொல்லுங்கள். ஒரே மாடலில் எண்டர் கீயின் வடிவமும் பேக்லைட் கேபிளும் வேறுபடும். பேக்லைட் உள்ளதென்றால் இரண்டாவதாக ஒரு மெல்லிய கேபிள் இருக்கும், அதற்கும் தாழ்ப்பாள் உண்டு.