செலினக்ஸில் தெரியாத பெர்மிஷனுக்கு அலவ் போடுவதா, டினை போடுவதா?

மிட்ராண்ட்வாசி
முந்தாநாள் ராத்திரி கரண்ட் கட். யுபிஎஸ் பாதியிலேயே கண்ணை மூடிவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்தது, ஆனால் புது கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி). மூன்று வாரத்துக்கு முன்பே 4.19-இலிருந்து 5.10 ஏற்றி வைத்திருந்தோம், ரீபூட் செய்யத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. செலினக்ஸ் (எந்தப் புரோகிராம் எதைச் செய்யலாம் என்று காவல் காக்கும் லினக்ஸ் அமைப்பு) பாலிசி, அதாவது அதன் விதிப் புத்தகம், மட்டும் நாங்களே கட்டிய பழையது.

காலையில் பார்த்தால், இன்வாய்ஸ் ஃபோல்டரில் புது ஃபைல் விழுகிறதா என்று கவனிக்கும் புரோகிராம் செத்துக் கிடக்கிறது. ஐநோட்டிஃபை (ஃபோல்டரில் மாற்றம் வந்தால் சொல்லும் கெர்னல் வசதி) கேட்ட இடத்தில் 'பெர்மிஷன் டினைட்'. ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது, மோடு என்ன, எல்லாம் சரி. பூட் லாகைத் திறந்தேன். வாட்ச், வாட்ச்_ரீட்ஸ் என்று முப்பது வரிக்கு மேல், 'இது பாலிசியில் இல்லை' என்று ஒவ்வொன்றாகப் புலம்பியிருக்கிறது. கடைசி வரி: மேலே சொன்ன தெரியாதவை எல்லாம் மறுக்கப்படும்.

2019-இல் வந்த 5.4 கெர்னலில்தான், ஃபைலையும் ஃபோல்டரையும் கவனிக்கத் தேவையான இந்த வாட்ச் பெர்மிஷன்கள் சேர்ந்தன. எங்கள் பாலிசிக்கு அவற்றின் பெயரே தெரியாது. கட்டினவர் 'தெரியாதது வந்தால் டினை' என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அலவ் ஆக்கப் போகிறேன். ஃபெடோரா லினக்ஸிலேயே அதுதான் வழக்கம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

சாட்ஸ்வர்த்_அக்கா
எனக்கு உண்டு தம்பி. பாலிசியில் எழுதாதது எதுவும் நடக்கக் கூடாது என்பதற்குத்தானே செலினக்ஸ் போடுகிறோம்? பெயர் தெரியாதவனை உள்ளே விடு என்றால் அப்புறம் காவல் எதற்கு? உன் டினை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்காதது உங்கள் தப்பு.

மிட்ராண்ட்வாசி
தப்பு எங்களுடையதுதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் இங்கே புதிதாக வந்தவன் யார் என்று பாருங்கள். எங்கள் காம்ப்ளெக்ஸில் நீச்சல் குளத்துக்கு நேற்று புதிதாக ஒரு கேட் போட்டார்கள் என்று வையுங்கள். செக்யூரிட்டியிடம் இருக்கிற பழைய நோட்டில் அந்தக் கேட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அலவ் என்றால், நேற்று வரை குளித்தவர்கள் இன்றும் குளிக்கலாம். டினை என்றால் எல்லோரும் துண்டோடு வெளியே நிற்க வேண்டும். என் புரோகிராம் பல வருஷமாக அதே ஃபோல்டரைத்தான் பார்க்கிறது. புதிதாக வந்தது சோதனை மட்டும்தான். சாதாரண யூனிக்ஸ் அனுமதி, பாலிசிக்கு ஏற்கெனவே தெரிந்த மற்ற விதிகள் எல்லாம் அலவிலும் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று, ஐஓ_யூரிங் (படிப்பது, எழுதுவதை வேகமாக்கும் கெர்னல் வசதி) 5.1-இலேயே வந்துவிட்டது. அதற்கான செலினக்ஸ் வகுப்பு (பெர்மிஷன்களின் தொகுப்பு) வந்தது 5.16-இல். நடுவில் இருந்த கெர்னல்களில் உங்கள் டினை என்ன செய்தது? அந்தச் சோதனையே இல்லாதபோது அதற்குத் தடுக்க ஒன்றும் இல்லை.

என்3_பயணி
இரண்டு பேரும் ரிஜெக்டை மறந்துவிட்டீர்கள். மூன்றாவது வழி அது. ஒரே ஒரு பெர்மிஷன் தெரியவில்லை என்றாலும் பாலிசியையே ஏற்ற விடாது. என்ஃபோர்ஸிங்கில் (விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தும் மோடில்) இருந்தால், சிஸ்டத்தை எழுப்பும் சிஸ்டம்டி பூட்டிலேயே உறைந்து நின்றுவிடும். நான் ஒரு முறை வீராப்பாக அதைப் போட்டு, டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை காரில் போய், க்ரப் என்கிற பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டிவிட்டு வந்தேன். போக வர 160 கிலோமீட்டர், ஒரு என்டருக்கு. ரிமோட் கன்சோல் இல்லாத இடத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_அக்கா
ரிஜெக்டை நானும் கேட்கவில்லை.

தம்பி, குளத்துக் கதை கெர்னலுக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சுவிட்ச்தான் கெர்னலுக்கு வெளியே இருக்கிற புரோகிராம்களுக்கும். நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஆபீசுக்கு ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) எழுதினேன். யார் வேலையை நிறுத்தலாம் என்பதை அது செலினக்ஸிடம் கேட்டுத்தான் முடிவு செய்யும். பெர்மிஷன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். செலினக்ஸ் லைப்ரரி பார்த்தது: இந்தப் பெயர் பாலிசியில் இல்லை, தெரியாததற்கு அலவ், அதனால் சரி போ என்றது. யார் கேட்டாலும் சரி போ! டெஸ்ட் எல்லாம் பச்சை. மூன்று மாதம் அப்படியே ஓடியது. 'அறியாத பெர்மிஷன்' என்று லாகில் ஒரு வரி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? டினை போட்டிருந்தால் முதல் நாளே உடைந்து என் முகத்தில் அடித்திருக்கும்.

உன் புரோகிராமையே எடுத்துக்கொள். டினை இருந்ததால்தான் பாலிசி பழசு என்பது உனக்கே தெரிந்தது. அலவ் இருந்திருந்தால் அந்த முப்பது வரியைப் படித்திருப்பாயா?

மிட்ராண்ட்வாசி
படித்திருக்க மாட்டேன். அதுவரை சரி அக்கா. டீமன் விஷயம் எனக்குத் தெரியாது, அது உறைக்கிறது. கெர்னலுக்கு அலவ், வெளிப் புரோகிராமுக்கு டினை என்று பிரித்து வைக்க முடியுமா?

என்3_பயணி
முடியாது. பாலிசிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரே கொடி அது. செலினக்ஸ் ஃபைல்சிஸ்டத்தில் டினை_அன்னோன் என்ற ஃபைல் இருக்கும், படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. செமானேஜ் கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் ஹேண்டில்-அன்னோன் வரியை மாற்றி, செமாட்யூல் -பி (பெரிய B) கட்டளை கொடுத்துப் பாலிசியைத் திரும்பக் கட்டி ஏற்ற வேண்டும். பிறகு செஸ்டேட்டஸ் கட்டளையில் அந்த வரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மிட்ராண்ட்வாசி
அப்படியென்றால் இன்றைக்கு இந்தப் பெட்டியில் அலவ். இன்வாய்ஸ் ஓடாவிட்டால் என்னை அலவ் பண்ண மாட்டார்கள். டெஸ்ட் பெட்டியில் டினை, பெர்மிசிவ் மோடில் (தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும்). எது எது மறுக்கப்படும் என்று ஏவிசி லாகில் (செலினக்ஸின் மறுப்புப் பதிவு) வரட்டும், அதை வைத்து 5.10-க்கு ஏற்ற பாலிசி கட்டுகிறேன்.

நிரந்தரமாக டினை என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போய் வருகிற ஊர் இது.

சாட்ஸ்வர்த்_அக்கா
கெர்னலை ஏற்றிய அன்றே ரீபூட் செய்திருந்தால் பகல் இரண்டு மணிக்கே தெரிந்திருக்கும். புதுப் பாலிசி என்றைக்கு? தேதி சொல்லு.

மிட்ராண்ட்வாசி
வெள்ளிக்கிழமை. கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன்.