பின்னல் தண்டு பச்சிரா: அழுகிய ஒரு தண்டை மட்டும் எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. வரவேற்பறையில் இருக்கும் பச்சிரா செடிக்கு உங்கள் யோசனை வேண்டும். கொடியாக ஏறும் மணி பிளான்ட் இல்லை. நர்சரிகளில் மணி ட்ரீ என்று விற்பார்களே, அது. தனித்தனியான 5 கன்றுகளை ஒரே தொட்டியில் நட்டு, இளசாக இருக்கும்போதே சடை போலப் பின்னியது.

இப்போது நடுத்தண்டு அடியில் மெத்தென்று ஆகிவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, பட்டை தனியாகக் கழன்று வருகிறது, புளித்த வாடையும் இருக்கிறது. மற்ற நான்கும் கெட்டி, துளிரும் விடுகின்றன. பச்சிரா தென் அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வளரும் மரம்தான், ஆனாலும் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. அதனால் தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

அழுகியதைத் துண்டு துண்டாக நறுக்கி உருவலாமா, காயும்வரை விடலாமா? இழுத்தால் பக்கத்துத் தண்டின் பட்டை உரியுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், உச்சியில் கட்டியிருக்கும் கம்பி பட்டைக்குள் பதிந்திருக்கிறது. வெட்டினால் பின்னல் பிரியுமா? இந்தச் செடியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.