எலைசா அளவீடுகளைக் கணக்கிட வளைந்து கொடுக்கும் மென்பொருள் எது?

செம்பனை_ஆய்வு (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்குச் சேவை செய்யும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். அடித்தண்டு அழுகலை உண்டாக்கும் கானோடெர்மா பூஞ்சை மரத்தில் உள்ளதா என்று எலைசா முறையில் (எதிர்ப்பொருள் கொண்டு கண்டறிந்து, நிறத்தின் அடர்வால் அளக்கும் முறை) சோதிக்கிறோம். சோதனைத் தட்டின் குழிகளில் நிற அடர்வை அளக்கும் எங்கள் பழைய பிளேட் ரீடர் 96 குழிகளின் அளவீட்டை 8 வரிசை, 12 நெடுவரிசை கொண்ட கட்டமாகத் தருகிறது. புதியது குழிக்கு ஒரு வரியாகத் தருகிறது. மேலாளர் அமைத்த எக்செல் கோப்பு முதல் வடிவத்தை மட்டுமே ஏற்பதால், புதிய கருவியின் எண்களைக் கையால் மாற்றி ஒட்டுகிறோம். போதாக்குறைக்கு, மூன்றாம் பிளாக்கின் பன்னிரண்டாம் மரத்துக்கு இடும் 3-12 என்ற குறியீட்டை எக்செல் தேதியாக்கிவிடுகிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்தக்கூடிய, கட்டணமில்லாத, இணையமின்றியும் இயங்கும் மென்பொருள் உண்டா?

லூனாஸ்வாசி:
வணக்கம் நண்பரே. அளவீடும், எந்தக் குழியில் எந்த மாதிரி என்ற விவரமும், கணக்கும் ஒரே தாளில் கலந்து கிடப்பதுதான் சிக்கலின் வேர். இவற்றைப் பிரித்து வைக்க இடம் தரும் மென்பொருள் எதுவானாலும் போதும். உங்கள் நிலைக்கு நான் சொல்வது நைம் (KNIME). ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளியான இதற்குக் கட்டணமில்லை. ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கோட்டால் இணைத்தால் தரவு அவ்வழியே செல்லும். பழைய கருவியின் கட்டத்தை வரிகளாக விரிக்கும் பெட்டியை அதன் பாதையில் மட்டும் சேர்த்து, பிறகு இரு கருவிகளின் தரவையும் ஒரே கணக்குக்குள் விடலாம். நாளை மூன்றாவது கருவி வந்தாலும் கணக்கில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. குறியீட்டு நெடுவரிசையை எழுத்து வகை என்று குறித்துவிடுங்கள்; கோப்பை இடையில் எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். (எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே மார்ச்1 போன்ற மனித மரபணுப் பெயர்கள் மாற்றப்பட்டன, நீங்கள் மட்டும் தனியாக அவதிப்படவில்லை.)

புள்ளியியல்_ஆசிரியை (ஈப்போ):
கணக்கைப் பற்றியும் ஒரு சொல். அந்த எக்செல் கோப்பு திட்டக் கரைசல்களுக்கு (செறிவு முன்பே தெரிந்த கரைசல்கள்) நேர்கோடு பொருத்துகிறதா என்று முதலில் பாருங்கள். எலைசாவில் செறிவின் மடக்கைக்கும் ஒளி உறிஞ்சலுக்கும் உள்ள உறவு எஸ் வடிவ வளைவு. கீழ் எல்லை, மேல் எல்லை, நடுப்புள்ளி, சரிவு என நான்கு அளபுருக்களைக் கொண்டு அதைப் பொருத்துவதே வழக்கம். நடுப்பகுதியில் நேர்கோடு ஓரளவு ஒத்துப்போகும். பூஞ்சை குறைவாக உள்ள மாதிரிகள் விழும் கீழ்ப்பகுதியில் ஏமாற்றிவிடும், அந்த மரங்களுக்காகத்தானே சோதனையே நடக்கிறது! புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல் மொழியின் டிஆர்சி (drc) தொகுப்பு இவ்வளைவைப் பொருத்தும். நைமுக்குள் ஆர் நிரலுக்கான பெட்டியும் உண்டு என்பதால், தெரிந்த ஒருவர் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு தட்டிலும் திட்டக் கரைசல்களை வைத்து, அந்தத் தட்டின் வளைவையே பயன்படுத்துங்கள்.

செம்பனை_ஆய்வு:
இருவருக்கும் நன்றி. திறந்து பார்த்தேன், நேர்கோடுதான், அம்மா. மேலாளர் அறிக்கையை எக்செல்லில்தான் கேட்பார், அதற்கு என்ன செய்வது?

லூனாஸ்வாசி:
கடைசிப் பெட்டியாக எக்செல் கோப்பு எழுதும் பெட்டியை வைத்துவிடுங்கள். அவருக்கு வழக்கமான அறிக்கையே கிடைக்கும். மாறுவதற்கு முன், ஏற்கெனவே முடித்த சில தட்டுகளை இரு முறையிலும் கணக்கிட்டு, முடிவு மாறும் மரங்களின் பட்டியலை அவரிடம் காட்டுங்கள்.