காரணியா, கூறா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில ‘risk factor’-க்கு வேறு தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், ‘ஆபத்துக் காரணி’ பழகிவிட்ட சொல், அதை ஏன் கலைக்க வேண்டும் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் அண்மைவரை அதே எண்ணம்தான்.

மறதிநோய் (டிமென்ஷியா) பற்றி நான் மொழிபெயர்த்த துண்டறிக்கையை, அச்சுக்கு அனுப்புமுன் எங்கள் தெருவில் ஓர் அம்மையாரிடம் படிக்கக் கொடுத்தேன். அவருடைய தாயாருக்கு மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர். ‘காது கேளாமை ஓர் ஆபத்துக் காரணி’ என்ற வரியில் விரலை வைத்தவர் அதற்கு மேல் படிக்கவில்லை. “காது மெஷின் வாங்காமல் நாங்கள் தள்ளிப்போட்டதால்தான் அம்மாவுக்கு இது வந்ததா?” என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பிழையாகப் படிக்கவில்லை. காரணி என்றால் தமிழ்க் காதுக்குக் காரணம்தான்.

ஆய்வாளர்கள் சொல்வது வேறு. காது கேளாமை போன்ற ஒன்று இருப்பவர்களிடையே நோய் கூடுதலாகக் காணப்படுகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய கன்னியர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 75 வயதைக் கடந்த 678 கத்தோலிக்கக் கன்னியர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இருபது வயதை ஒட்டிக் கைப்பட எழுதிய தன்வரலாறுகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றில் எண்ணச்செறிவு, அதாவது வாக்கியங்களில் அடங்கும் கருத்துகளின் அளவு, குறைவாக எழுதியவர்களிடையே, அறுபது ஆண்டுகள் கழித்து, அல்சைமர் மிகுதியாகக் காணப்பட்டது. இருபது வயதில் எழுதிய எளிய வாக்கியமா நோய்க்குக் காரணம்? அது நோயின் மிக முந்தைய நிழலாகக்கூட இருக்கலாம். அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ-4 (APOE-4) மரபணு வகையும் அப்படித்தான்: அதைச் சுமந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

ஆகவே ‘இடர்க்கூறு’ என்று முன்மொழிகிறேன். ‘ஆபத்து’ தலைக்கு மேல் வந்து நிற்பது. ‘இடர்’ வரவும் கூடும், வராமலும் போகும். ‘கூறு’ சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சொல். கூறு கட்டி வைத்த கத்தரிக்காயைப் பார்த்து இதுதான் மொத்தம் என்று யாரும் நினைப்பதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதிநோய்க்கு 14 மாற்றத்தக்க இடர்க்கூறுகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், தனிமை ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றும் ஒரு பங்குதான்.

சொல் கிளைக்கவும் செய்கிறது: முதுமை மாற்றவியலா இடர்க்கூறு, கல்வி, நோய் வாய்ப்பைக் குறைப்பதால், காப்புக்கூறு. கணக்கிலும் (எண்ணின் காரணி) இரத்த உறைவிலும் (உறைவுக் காரணி) ‘காரணி’ அப்படியே இருக்கட்டும், அங்கே அது பொருந்துகிறது.

‘சூழிடர்’ என்ற மாற்றும் வந்திருக்கிறது. புறச்சூழலால் மட்டும் வரும் இடர் என்று அது திசைதிருப்புமோ என்பதே என் தயக்கம். மரபணுவை எப்படிச் சூழிடர் என்பது?

துண்டறிக்கை வரியை ‘காது கேளாமை மறதிநோயின் இடர்க்கூறுகளில் ஒன்று’ என்று திருத்தியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அதே அம்மையாரிடம் மீண்டும் காட்டப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.