எடிட்டிங் முடிந்து வந்த தீசிஸைக் கைடு திருப்பி அனுப்பிவிட்டார், அவசர உதவி தேவை

கடைசி_அத்தியாயம் | திங்கள் இரவு 11:42

வணக்கம். தீசிஸை எடிட்டிங்குக்குக் கொடுத்திருந்தேன், நேற்றுதான் வந்தது. வந்ததை அப்படியே கைடுக்கு அனுப்பினேன். இன்று மாலை திருப்பி அனுப்பிவிட்டார். "இது நீ எழுதியது இல்லை. முடிவுகளே மாறியிருக்கின்றன. சரிசெய்து கொண்டு வா" என்று மூன்றே வரி. நான் படித்த வரையில் நன்றாகத்தான் இருக்கிறது, முன்பைவிட ஓட்டமாகக்கூட இருக்கிறது. இது போதாதென்று மேற்கோள்களைச் செருகித் தரும் ஜோடெரோ மென்பொருளில் ரெஃபரன்ஸ் பட்டியல் அப்டேட் ஆக மறுக்கிறது. அப்ஸ்ட்ராக்ட்டும் (ஆய்வுச் சுருக்கம்) நீண்டுவிட்டது. வியாழக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்.

நிழல்மரம் | திங்கள் இரவு 11:58

முதலில் பதறாதீர்கள், மூன்று நாள் இருக்கிறது. சில விவரங்கள் வேண்டும். எந்த மொழியில் எழுதியது? என்ன துறை? வேர்டா, லேடெக்கா? எடிட்டர் டிராக் சேஞ்சஸ் போட்டு, அதாவது மாற்றங்கள் தெரியும்படி அனுப்பினாரா, இல்லையா? என்ன செய்யச் சொல்லிக் கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

தறிநூல் | செவ்வாய் காலை 12:10

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடிட்டர் ஏஐயில் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். "நீ எழுதியது இல்லை" என்று கைடு சொன்னதற்கு அதுதான் அர்த்தம். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஏதாவது ஒன்றில் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அடிக்குறிப்பு | செவ்வாய் காலை 6:25

இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று பழைய இழைகளைத் தேடியிருந்தால் இரவெல்லாம் தவித்திருக்க வேண்டாம். தேடிப் படிப்பதுதான் ஆய்வாளருக்கு முதல் பழக்கம். போகட்டும்.

"எடிட்டிங்குக்குக் கொடுத்தேன்" என்றால் எந்த எடிட்டிங்? மெய்ப்புப் பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, விடுபட்ட பக்க எண். காப்பி எடிட்டிங் என்றால் இலக்கணம், சொல் சீர்மை, மேற்கோள் நடை. வாதத்தையே பிரித்து அடுக்குவது மூன்றாவது வகை, பட்டத்துக்கான ஆய்வேட்டில் எடிட்டர் கை வைக்கக் கூடாத வேலை அது. என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டு இப்போது எடிட்டர் மேல் பழி போடுவதில் பயனில்லை.

கடைசி_அத்தியாயம் | செவ்வாய் காலை 7:03

மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதியது. செவிலியர் துறை, முதுகலை. இரவுப் பணியும் தூக்கமும் பற்றி ஒரு சர்வே. வேர்ட் கோப்பு. டிராக் சேஞ்சஸ் இல்லை, சுத்தமான கோப்பாகத்தான் வந்தது. "நன்றாக்கிக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். எடிட்டர் இப்போது போனை எடுக்கவில்லை.

நிழல்மரம் | செவ்வாய் காலை 7:20

சுத்தமான கோப்பு வந்ததுதான் பிரச்சினையின் வேர். என்னென்ன மாறியது என்று உங்களுக்கே தெரியாமல் கைடுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கொடுத்த பழைய கோப்பு கையில் இருக்கும் அல்லவா? அது இருந்தால் போதும்.

வேர்டில் ரிவ்யூ பகுதிக்குப் போங்கள், அங்கே கம்பேர் இருக்கும். ஒரிஜினல் என்ற இடத்தில் உங்கள் பழைய கோப்பு, ரிவைஸ்டு என்ற இடத்தில் எடிட்டர் அனுப்பியது. மோர் என்பதைத் திறந்து ஃபார்மேட்டிங் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எழுத்துரு மாறியதெல்லாம் திருத்தமாக வந்து கண்ணை மறைக்கும். இரண்டையும் ஒப்பிட்டு வேர்ட் மூன்றாவதாக ஒரு கோப்பைத் திறக்கும். எடிட்டர் டிராக் சேஞ்சஸ் போடாவிட்டாலும் மாற்றம் அத்தனையும் அதில் தெரியும். செய்துவிட்டு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

தறிநூல் | செவ்வாய் காலை 8:15

கம்பேர் செய்வதெல்லாம் சரி, டிடெக்டரில் போட்டீர்களா? அதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது வீண்.

வெண்பனி | செவ்வாய் காலை 8:40

தறிநூல், அந்தக் கருவிகளை நம்பி யார் மேலும் குற்றம் சொல்லாதீர்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் கட்டுரைகள் 91ஐ ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதியவைதான் எல்லாமே. ஆனால் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று கருவிகள் காட்டின. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள் எளிய சொற்களில் எழுதுவார்கள், அது கருவிக்குச் சந்தேகமாகத் தெரிகிறது. ஓப்பன்ஏஐ தன்னுடைய டிடெக்டரைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இவர் கைடிடம் போய் நின்றால் இருக்கிற சிக்கல் இரட்டிப்பாகும்.

கடைசி_அத்தியாயம் | செவ்வாய் மதியம் 1:30

செய்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இரவுப் பணி தூக்கக் குறைவோடு "அசோசியேட்டட் வித்" என்று எழுதியிருந்தேன். அது "லெட் டு" ஆகியிருக்கிறது.

எல்லா இடத்திலும் "ரெஸ்பான்டன்ட்ஸ்" என்றுதான் போட்டிருந்தேன். இப்போது ஒரு பத்தியில் "பார்ட்டிசிபன்ட்ஸ்", அடுத்ததில் "சப்ஜெக்ட்ஸ்", நான்காம் அத்தியாயத்தில் "பேஷன்ட்ஸ்".

ஓர் அட்டவணைக்குக் கீழே "நாட் சிக்னிஃபிகன்ட்" என்று இருந்தது "அன்இம்பார்ட்டன்ட்" ஆகியிருக்கிறது.

படித்தபோது இதெல்லாம் நல்ல ஆங்கிலமாகத்தான் தெரிந்தது.

மெய்ப்பு | செவ்வாய் மதியம் 2:25

நான் பல ஆண்டுகளாக ஆய்வேடுகளுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறேன். கைடு சொன்னது முழுக்கச் சரி. இந்த மூன்றும் மொழித் திருத்தம் இல்லை, முடிவுத் திருத்தம்.

முதலாவது. உங்களுடையது ஒரே சமயத்தில் கேட்டு வாங்கிய சர்வே என்று நினைக்கிறேன். அப்படியென்றால் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அந்தத் தரவு சொல்லாது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது வரைதான் சொல்லலாம். "லெட் டு" என்று போட்ட உடனே இரவுப் பணிதான் காரணம் என்று நீங்கள் அடித்துச் சொன்னதாக ஆகிவிடுகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அங்கிருந்து வரும்.

இரண்டாவது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் கதையில் சலிக்கும், ஆய்வேட்டில் வந்தே ஆக வேண்டும். சொல் மாறினால் ஆளும் மாறிவிட்டார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் ஆய்வில் பதில் சொன்னவர்கள் செவிலியர்கள். நான்காம் அத்தியாயத்தில் அவர்கள் நோயாளிகள் ஆகிவிட்டார்கள். அதை மட்டும் படிக்கிற ஒரு தேர்வாளர் உங்கள் மாதிரியைப் பற்றி என்ன நினைப்பார்?

மூன்றாவது. புள்ளியியலில் "சிக்னிஃபிகன்ட்" என்பது அன்றாடச் சொல் இல்லை. பி மதிப்பு 0.05ஐத் தாண்டினால், வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இந்தத் தரவில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று பொருள். அது முக்கியமற்றது என்று பொருளே இல்லை. துறை தெரியாத எடிட்டர் தொடவே கூடாத சொல் இது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கமென்ட் போட்டு உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஒப்பீட்டுக் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை படிக்க இப்போது நேரம் இல்லை. முடிவுகள், விவாதம், அப்ஸ்ட்ராக்ட் இந்த மூன்றை வரி வரியாகப் பாருங்கள். மற்ற அத்தியாயங்களில் தேடல் பெட்டியில் "லெட் டு", "காஸ்", "இம்பாக்ட்", "ப்ரூவ்" என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் "மே", "மைட்" என்று தயங்கி எழுதிய இடங்களில் அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாக்கியம் கம்பீரமாக இருக்கட்டும் என்று முதலில் வெட்டப்படுவது அதுதான்.

கிளிஞ்சல் | செவ்வாய் மாலை 4:10

ஜோடெரோ பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு மேற்கோளின் மேல் சொடுக்கிப் பாருங்கள். பின்னணி சாம்பல் நிறமாக மாறினால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் அது வெறும் எழுத்து. ஆல்ட் விசையோடு எஃப்9 தட்டினாலும் தெரிந்துவிடும், உயிருள்ள மேற்கோள் இருந்த இடத்தில் நீளமாகக் குறிமுறை தோன்றும். மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும். எடிட்டர் உங்கள் கோப்பைக் கூகுள் டாக்ஸில் ஏற்றி வேலை பார்த்துவிட்டு வேர்டாக இறக்கியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

செத்த இணைப்பை உயிர்ப்பிக்க முயன்று இரவை வீணாக்காதீர்கள். பழைய கோப்பில் எல்லாம் உயிரோடு இருக்கும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எடிட்டரின் திருத்தங்களில் ஏற்றுக்கொள்பவற்றை மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள். பத்தியாக நகலெடுத்து ஒட்டினால் செத்த மேற்கோளும் சேர்ந்து வந்துவிடும்.

அடிக்குறிப்பு | செவ்வாய் மாலை 6:00

கருவிகளைப் பற்றியே பேசுகிறோம், அடிப்படையைப் பேச மாட்டேன் என்கிறோம். தீசிஸ் என்பது தேர்வு. தேர்வுத்தாளை இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவோமா? தன் ஆய்வைத் தானே எழுதத் தெரியாதவருக்குப் பட்டம் எதற்கு? எங்கள் காலத்தில் கைடு சிவப்பு மையில் கோடு போடுவார், நாமே உட்கார்ந்து மூன்று முறை திருப்பி எழுதுவோம்.

வெண்பனி | செவ்வாய் மாலை 6:35

ஐயா, உங்கள் கைடு சிவப்பு மையில் போட்டதும் எடிட்டிங்தான். எல்லாருக்கும் அப்படி வரி வரியாகப் படிக்கிற கைடு அமைவதில்லை. ஒரு பெண் வார்டில் இரவெல்லாம் நின்று தரவு சேகரித்திருக்கிறார், அதைத் தன் தாய்மொழி அல்லாத மொழியில் எழுத வேண்டியிருக்கிறது. "தி" எங்கே வரும், எங்கே வராது என்பதில் தடுமாறினால் அவருக்கு ஆய்வு தெரியாது என்று ஆகிவிடுமா? எனக்கு இதில் கோபமே வருகிறது.

மெய்ப்பு | செவ்வாய் மாலை 7:15

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கவலைக்காகவே எல்லை வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஐபெட் என்ற எடிட்டர்கள் அமைப்பு ஆய்வேடுகளுக்கென்றே வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. காப்பி எடிட்டிங்கும் மெய்ப்பும் செய்யலாம். கட்டமைப்பிலோ வாதத்திலோ குறை தெரிந்தால் சுட்டிக்காட்டலாம், தானே மாற்றி எழுதக் கூடாது. எடிட்டரின் பெயரையும் அவர் செய்த வேலையையும் ஆய்வேட்டிலேயே குறிப்பிட வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவும் இதே போக்கில்தான் சொல்கிறது: மொழித் திருத்தம் மட்டும் செய்தவர் ஆசிரியர் ஆக மாட்டார், நன்றியில் பெயர் போடலாம்.

ஆகவே உதவி வாங்குவது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. கடைசி_அத்தியாயம், உங்கள் நிறுவனத்தின் விதியைக் கைடிடம் கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டென்றால் நன்றியுரையில் ஒரு வரி சேருங்கள்.

அடிக்குறிப்பு | செவ்வாய் இரவு 8:05

விதியில் எழுதி வைத்துவிட்டால் போதுமா? எத்தனை பேர் அந்த ஒரு வரியைப் போடுகிறார்கள்? இந்த இழையிலேயே ஒருவர் "நன்றாக்கிக் கொடுங்கள்" என்றுதான் கொடுத்திருக்கிறார்.

நிழல்மரம் | செவ்வாய் இரவு 8:20

இந்த விவாதத்தை வேறோர் இழையில் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் எத்தனை சொல் வந்திருக்கிறது? எல்லை எவ்வளவு?

கடைசி_அத்தியாயம் | செவ்வாய் இரவு 9:50

எல்லை 250. என்னுடையது 262 இருந்தது, இப்போது 371. கிளிஞ்சல் சொன்னது சரி, எதுவுமே சாம்பல் நிறமாகவில்லை. பழைய கோப்பிலிருந்து தொடங்கிவிட்டேன்.

மெய்ப்பு | செவ்வாய் இரவு 10:20

250தான் ஏபிஏ நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பும் சொல்கிற மேல் எல்லை. 371ஐ வெட்ட உட்காராதீர்கள், உங்கள் 262ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியது 12 சொல்தான்.

பின்னணி எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று பாருங்கள். "தூக்கம் மனிதனுக்கு இன்றியமையாதது" என்ற தோரணையில் ஒன்று இருந்தால் அதை முதலில் எடுங்கள், செவிலியர் துறைத் தேர்வாளருக்கு அது தெரியும். கடைசியில் "முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்று இருந்தால் அதையும் எடுங்கள், அதில் எந்தச் செய்தியும் இல்லை. எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், முக்கியமான எண் எது, இவற்றில் கை வைக்காதீர்கள். வெட்டி முடித்ததும் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் நான்காம் அத்தியாயத்து அட்டவணையோடு விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். அப்ஸ்ட்ராக்ட்டில் ஓர் எண், அட்டவணையில் வேறோர் எண் என்று வந்த ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கைடுக்கு அனுப்பும்போது சுத்தக் கோப்போடு ஒப்பீட்டுக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எதை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

தறிநூல் | புதன் காலை 9:05

எல்லாம் சரி. ஆனாலும் "பேஷன்ட்ஸ்" என்று மாற்றியது மனிதராக இருக்க வாய்ப்பில்லை என்பதுதான் என் கருத்து.

மெய்ப்பு | புதன் காலை 9:40

அவசரத்தில் வேலை செய்கிற மனிதர் தாராளமாகச் செய்வார். துறை தெரியாமல், வரி வரியாக மட்டும் படித்தால் செவிலியர் ஆய்வில் நோயாளி என்று கை தானாகப் போகும். யார் செய்தது என்பது இவருக்கு இப்போது உதவாது.

கடைசி_அத்தியாயம் | வியாழன் மாலை 5:15

சமர்ப்பித்துவிட்டேன். "லெட் டு" மட்டும் 14 இடத்தில் இருந்தது. அப்ஸ்ட்ராக்ட் 247. ஒப்பீட்டுக் கோப்பையும் சேர்த்து அனுப்பியதால் கைடு நேற்று இரவே பார்த்துவிட்டார். எடிட்டர் செய்ததை நன்றியுரையில் குறிப்பிடச் சொன்னார், சேர்த்துவிட்டேன். மெய்ப்பு, நிழல்மரம், கிளிஞ்சல், எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

கிளிஞ்சல் | வியாழன் மாலை 5:40

மகிழ்ச்சி! மேற்கோள் எல்லாம் பழைய கோப்பிலிருந்தே ஒழுங்காக வந்ததா, ஏதாவது கையால் போட வேண்டியிருந்ததா? இதே நிலையில் இன்னொருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.