கணினிக்கு லிக்விட் கூலிங்: முதன்முறை போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. புதிதாக லிக்விட் கூலர் போட நினைப்பவர்களுக்கு உதவும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கதையை முதலில் வைத்துவிடுகிறேன்.

வீடு சென்னையில். ப்ராசஸர் ரைசன் 7 7700எக்ஸ். பிளெண்டரில் (3டி மென்பொருள்) ரெண்டர் ஓடவிட்டால் 95 டிகிரியில் போய் நிற்கும். 240 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட ஏஐஓ (பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் நீரோடு சேர்ந்தே வரும் ரெடிமேட் லிக்விட் கூலர்) வாங்கி மாட்டினேன். அப்போதும் 90-க்கு மேல்தான். கூலரில் கோளாறு இல்லை. இந்த வரிசை ப்ராசஸர்கள் 95 டிகிரியைத் தொடும்வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நாம் கொடுக்கிற குளிர்ச்சியையும் கிளாக் ஏற்றத்தான் செலவழிக்கும். பயாஸில் ஈகோ மோடை (ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு போடும் வசதி) 65 வாட்டுக்கு வைத்ததும் வெப்பம் மளமளவென்று இறங்கியது, ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது. (இதைப் பழைய ஏர் கூலரிலேயே செய்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.)

தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. மே மாதத்தில் அறையே 35 டிகிரி என்றால் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. ஏசி அறையில் எடுத்த யூடியூப் எண்களைப் பார்க்கும்போது அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

*

நான் கோவை. கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கோக்கும் அமைப்பு) போட்டிருக்கிறேன்: டி5 பம்ப், ரிசர்வாயர் (நீர்த்தொட்டி), சிபியு பிளாக் (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை நீருக்குக் கடத்தும் பாகம்), 360 ரேடியேட்டர், 10/16 மி.மீ. (உள்/வெளி விட்டம்) சாஃப்ட் டியூப், ஜி 1/4 ஃபிட்டிங்குகள் (டியூபை மாட்டும் இணைப்பிகள்). முதல் தடவை என்றால் சாஃப்ட் டியூப்தான் என் ஓட்டு. ஹார்டு டியூப் பார்க்க அழகு. ஆனால் சூடுகாட்டி வளைக்கப் பழகுவதற்குள் பாதி டியூப் குப்பைக்குப் போகும்.

புது ரேடியேட்டர்தானே என்று அப்படியே மாட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, துளைகளை அடைத்து, நன்றாகக் குலுக்கிக் கொட்டினேன். வெள்ளைக் கிண்ணத்தில் கறுப்புத் துகள்கள் மிதந்தன. சாலிடர் செய்தபோது தங்கிய கழிவு அது. கொட்டும் நீர் தெளியும்வரை விடாமல் அலசுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் பிளாக்கின் மயிரிழை இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

நீர் நிரப்பும்போது பவர் சப்ளையில் பம்பைத் தவிர வேறெதுவும் இணைந்திருக்கக் கூடாது. 24 பின் இணைப்பில் ஜம்பர் பிளக் போட்டால் மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளை ஓடும். ரிசர்வாயரை நிரப்பி சுவிட்சைப் போட்டால் சில நொடிகளில் மட்டம் சர்ரென்று இறங்கிவிடும். உடனே நிறுத்தி, மறுபடி ஊற்ற வேண்டும். வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுவிடும், அதன் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈரம். கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரிசெய்து, இரவு முழுக்க பம்பை ஓடவிட்டுத்தான் மற்ற கேபிள்களைச் செருகினேன்.

*

ப்ரோ, வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? டிஸ்டில்டு தேடி அலைய வேண்டுமா?

*

ஆர்ஓ வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு நீரோடு அரிப்புத் தடுப்பான், பாசி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. அல்லது ரெடிமேட் கூலன்ட். அதைவிட முக்கியம், பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டர் அலுமினியமாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

*

எல்லாரும் தண்ணீர் பக்கமே நிற்பதால் ஒரு மாற்றுக் கருத்து. என்னுடையது ஐ5 12400, 65 வாட் சிப். சாதாரண டவர் கூலரிலேயே சத்தமில்லாமல் ஓடுகிறது. மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கினேன்.

*

மதுரையிலிருந்து. அசெம்பிள் செய்து தந்த கடையில் ஏஐஓ ரேடியேட்டரைக் கேஸின் அடியில் மாட்டிவிட்டார்கள். ஆன் செய்ததும் களக் களக் என்று சத்தம். லூப்புக்குள் இருக்கும் கொஞ்சக் காற்று உயரமான இடத்தில் போய்ச் சேரும். அடியில் ரேடியேட்டர் இருந்தால் அந்த உயரமான இடம் பம்ப்தான். மேல்தட்டுக்கு மாற்றினேன், சத்தம் போயே போச்சு. முன்பக்கம் மாட்டினாலும் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். அப்புறம் தூசி: பிளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழல விடாதீர்கள்.

*

மதுரை நண்பருக்கு ஒரு கேள்வி. என் கேஸ் சின்னது. மேலே 240 போட்டால் ரேம் இடிக்குமா?

*

பெரும்பாலான ஏஐஓ ரேடியேட்டர் 27 மி.மீ. தடிமன், விசிறி 25. ஆக 52. கேஸின் மேல்தட்டிலிருந்து ரேமின் உச்சிவரை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஹீட் ஸ்பிரெடர் உயரமான ரேம் என்றால் பெரும்பாலும் இடிக்கும்.